காலம் காட்டும் சொல், காலம் சொல்லும் சொல்: ஆங்கிலத்தில் வினையையும் வினையடையையும் பிரித்தறிய ஒரு முழு வழிகாட்டி

மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டில் இந்த வாக்கியம் இருந்தது: ‘ஹி ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட்.’ அவன் ஏற்கெனவே கிளம்பிவிட்டான் என்று பொருள். இதில் அட்வெர்ப், அதாவது வினையடை, எது என்பது கேள்வி. அவள் ‘ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட்’ என்ற மூன்று சொற்களின் கீழும் ஒரே கோடாக இழுத்து வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். “ஆல்ரெடி வந்தால் பிரசென்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் என்று அட்டவணையில் இருக்கிறது சார். அப்படியென்றால் அதுவும் டென்ஸில் சேர்ந்ததுதானே?” என்றாள்.

விடை தவறு. ஆனால் அந்தப் பெண் யோசித்துத்தான் கோடு போட்டிருக்கிறாள். பன்னிரண்டு காலங்களை வரிசையாக அடுக்கி, ஓரத்தில் ‘யெஸ்டர்டே வந்தால் இறந்தகாலம், நவ் வந்தால் நிகழ்காலம், டுமாரோ வந்தால் எதிர்காலம்’ என்று எழுதித் தரும் அட்டவணையை நம்பிப் படித்த எவரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்பார்கள். வினையையும் வினையடையையும் ஒன்றாகக் குழைத்துவிடுவது அந்த ஓரக் குறிப்புதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆங்கிலச் சொற்களை இங்கே ஒலிக்கும் விதமாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே படித்தால்தான் பயன் முழுதாகக் கிடைக்கும்.

தொடங்குமுன் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு நூல்

வினைச்சொல் எது என்பதற்குத் தொல்காப்பியம் தரும் இலக்கணம் இரண்டே அடி: ‘வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது நினையுங் காலைக் காலமொடு தோன்றும்.’ வேற்றுமை உருபை ஏற்காமல், காலத்தோடு தோன்றுவது வினை. நேற்று என்ற சொல்லும் காலத்தைத்தான் சொல்கிறது. ஆனால் அது நேற்றைக்கு என்று உருபை ஏற்கும். அதற்குள் காலம் காட்டும் இடைநிலை எதுவும் இல்லை. வந்தான், வருகிறான், வருவான் என்பவற்றில் வினையின் வயிற்றுக்குள்ளேயே த், கிறு, வ் என்று காலம் உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலத்துக்கும் இதே நூல் பிடி கொடுக்கும். வினைச்சொல் தன் உருவை மாற்றிக் காலத்தைக் காட்டும். வினையடை காலத்தைச் சொல்லலாம், இடத்தைச் சொல்லலாம், விதத்தைச் சொல்லலாம். ஆனால் காலத்துக்காகத் தன் உருவை மாற்றிக்கொள்ளாது. காட்டுவது வேறு, சொல்வது வேறு. கீழே வரும் படிகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அட்வெர்ப் என்ற பெயருக்குள் வெர்ப் இருக்கிறது. நம் வினையடை, வினையுரிச்சொல் என்ற பெயர்களுக்குள்ளும் வினை இருக்கிறது. வினையைச் சார்ந்து நிற்பது என்பதால் வந்த பெயர் அது. அது வினையின் வகை அல்ல. அதோடு, அட்வெர்ப் வினையை மட்டும் சார்ந்து நிற்பதில்லை. ‘வெரி பிக்’ என்பதில் வெரி ஒரு பெயரடையை, அதாவது பெயரை வருணிக்கும் சொல்லை, சார்கிறது. ‘வெரி ஸ்லோலி’ என்பதில் இன்னொரு வினையடையைச் சார்கிறது.

முதல் படி: காலத்தை மாற்றிப் பாருங்கள்

வாக்கியம் இது: ‘தி பஸ் கம்ஸ் லேட் எவ்ரி டே.’ பஸ் தினமும் தாமதமாக வருகிறது. இதை நேற்று நடந்ததாக மாற்றுங்கள்: ‘தி பஸ் கேம் லேட் யெஸ்டர்டே.’ நாளைக்கு மாற்றுங்கள்: ‘தி பஸ் வில் கம் லேட் டுமாரோ.’ மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். கம்ஸ், கேம், வில் கம் என்று ஓர் இடம் மட்டும் உருமாறிக்கொண்டே இருக்கிறது. அதுதான் வினை. லேட் மூன்று வரியிலும் அசையாமல் நிற்கிறது. அது வினையடை. கடைசியில் உள்ள நேரச் சொல்லை நாம்தான் எடுத்துவிட்டு வேறு சொல்லை வைத்தோம். அது தானாக உருமாறவில்லை. யெஸ்டர்டே என்ற சொல்லுக்கு இறந்தகால வடிவம் என்று ஒன்று கிடையாது.

இந்தச் சோதனைக்கு அகப்படாத சில வினைகள் உண்டு. புட், கட், ஹிட், லெட் போன்றவை இறந்தகாலத்திலும் அதே உருவில் நிற்கும். ரீட் என்பது இறந்தகாலத்தில் ரெட் என்று ஒலிக்கும், எழுத்து மாறாது. இவற்றுக்கு வாக்கியத்தைக் கேள்வியாக்கிப் பார்த்தால் போதும். ‘ஹி புட் தி கீ ஹியர்’ என்பது ‘டிட் ஹி புட் தி கீ ஹியர்?’ என்று ஆகும். காலத்தைத் தாங்கும் வேலையை முன்னால் வந்த டிட் எடுத்துக்கொள்கிறது. அது எந்தச் சொல்லின் சுமையை வாங்கிக்கொண்டதோ அந்தச் சொல்தான் வினை. ஹியர் என்ற சொல்லுக்கும் டிட் என்பதற்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

இரண்டாம் படி: சிதறிக் கிடக்கும் வினையைச் சேர்த்தெடுங்கள்

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் ஒரே சொல்லாகக் கட்டி வைத்ததுபோல் இருக்கும். ஆங்கிலத்தில் அது இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு சொற்களாகப் பிரிந்து கிடக்கும். ‘வில் ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்பது முழுக்க ஒரே வினைத்தொடர். அந்தச் சொற்களுக்கு நடுவில் வினையடைகள் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் மாணவர்களைத் திணற வைக்கிறது.

என் மாணவியின் வாக்கியத்துக்கே வருவோம். ஹேஸ், லெஃப்ட் இரண்டும் வினை. நடுவில் இருக்கும் ஆல்ரெடியைத் தூக்கிவிடுங்கள்: ‘ஹி ஹேஸ் லெஃப்ட்.’ வாக்கியம் முழுதாக நிற்கிறது, காலமும் மாறவில்லை. இப்போது ஹேஸ் என்பதைத் தூக்கிப் பாருங்கள்: ‘ஹி ஆல்ரெடி லெஃப்ட்.’ காலமே மாறிவிட்டது. எதை எடுத்தால் காலம் கலைகிறதோ அது வினையின் பகுதி. எதை எடுத்தாலும் காலம் கலையவில்லையோ அது அடை. கோடு போடும்போது ஹேஸ் கீழே ஒன்று, லெஃப்ட் கீழே ஒன்று என்று இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள். ஆல்ரெடியைச் சுற்றி வட்டம். கை பழகினால் கண்ணும் பழகிவிடும்.

இப்படி நடுவில் புகுந்துகொள்ளும் சொற்கள் ஒரு சிறு கூட்டம்தான்: ஆல்வேஸ், நெவர், ஆஃபன், ஜஸ்ட், ஸ்டில், ஆல்ரெடி, ஹார்ட்லி, அப்புறம் நாட். இந்த நாட் நமக்குத் தனிக் கவனம் வேண்டிய சொல். வரவில்லை, வராது, வரமாட்டான் என்று தமிழில் எதிர்மறை வினையோடு ஒட்டிப் பிறக்கிறது. அந்தப் பழக்கத்தில் நாட், நெவர் இரண்டையும் வினை என்றே நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். மரபான ஆங்கில இலக்கணம் இரண்டையும் அட்வெர்ப் கணக்கில்தான் வைக்கிறது.

இவற்றின் இடத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். தனி வினை என்றால் அதற்கு முன்: ‘ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்.’ இஸ், வாஸ் போன்றவை என்றால் அவற்றுக்குப் பின்: ‘ஹி இஸ் ஆல்வேஸ் லேட்.’ வினைத்தொடர் என்றால் முதல் துணைவினைக்குப் பின்: ‘ஹி ஹேஸ் ஆல்வேஸ் கம் லேட்.’ விதத்தைச் சொல்லும் அடை மட்டும் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் நுழையாது. ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ஃப்ளூயன்ட்லி’ என்பது சரி. ‘ஷி ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்’ என்பது பிழை.

மூன்றாம் படி: நேரச் சொல்லை நம்பிக் காலத்தை முடிவுசெய்யாதீர்கள்

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். ‘தி டிரெயின் லீவ்ஸ் டுமாரோ அட் சிக்ஸ்.’ ரயில் நாளை ஆறு மணிக்குப் புறப்படுகிறது. இது என்ன டென்ஸ் என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் எதிர்காலம் என்பார்கள். காரணம் கேட்டால் டுமாரோவைக் காட்டுவார்கள். ஆனால் வினையைப் பாருங்கள்: லீவ்ஸ். அது நிகழ்கால வடிவம். நிகழ்ச்சி நாளைக்கு, வினையின் உருவம் நிகழ்காலம். தேர்வில் டென்ஸ் கேட்டால் வினையின் உருவத்தைத்தான் கேட்கிறார்கள்.

இதை அந்நிய வழக்கமாக நினைக்க வேண்டியதில்லை. ‘நாளைக்கு வருகிறேன்’ என்று நாமே சொல்கிறோம். வருவேன் என்றா சொல்கிறோம்? வாசலில் ஆள் காத்திருக்கும்போது, செருப்பைத் தேடிக்கொண்டே ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறோம். இன்னும் வரவே இல்லை. வினை மட்டும் இறந்தகாலம். நம் இலக்கணம் இதற்குக் காலவழுவமைதி என்று பெயரிட்டு, விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் மயங்கி வரலாம் என்று நன்னூலிலேயே இடம் கொடுத்திருக்கிறது. முக்காலத்துக்கும் பொதுவான பொருளை நிகழ்காலத்தில் சொல்வார்கள் என்பதும் அதே நன்னூல் விதிதான். ‘தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்’ என்று ஆங்கிலேயர் நிகழ்காலத்தில் சொல்வதற்கும் அதுவே விளக்கம். தமிழ் இலக்கணம் படித்த மாணவனுக்கு ஆங்கில டென்ஸில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து அதை அவனிடம் சொல்வதில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நவ் என்பதற்கும் இதே கதிதான். ‘நவ் ஹி அண்டர்ஸ்டுட்’ என்று கதைகளில் வரும். ‘இப்போது அவனுக்குப் புரிந்தது’ என்று தமிழ்க் கதையிலும் எழுதுவோம். இப்போது என்பது நிகழ்காலம் ஆகிவிட்டதா? இல்லை, புரிந்தது என்பதுதான் காலம் காட்டுகிறது. ஆல்வேஸ் வந்தால் எளிய நிகழ்காலம் என்று அட்டவணை சொல்லும். ‘யூ ஆர் ஆல்வேஸ் கம்ப்ளெயினிங்’ என்று சலிப்போடு சொல்லும் வாக்கியத்தில் தொடர் நிகழ்காலம் வருகிறது. ஆல்ரெடி வந்தால் பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்பார்கள். ‘ஹி வாஸ் ஆல்ரெடி அஸ்லீப்’ என்பது சாதாரண இறந்தகாலம். ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்பது பிரிட்டிஷ் வழக்கு. ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்று அமெரிக்கர்கள் இயல்பாகச் சொல்வார்கள். ஒரே ஜஸ்ட், இரண்டு டென்ஸ்.

அதற்காக நேரச் சொற்களுக்கும் வினைக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்பது பிழை. முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’ என்றுதான் வர வேண்டும். எந்த வினை வடிவத்தோடு எந்த நேரச் சொல் இணங்கும் என்பதற்கு வழக்கு உண்டு. இணங்கி நிற்பதால் அந்தச் சொல் வினையாகிவிடாது.

ஆங்கில வினை தன் உருவை மாற்றிக் காட்டும் காலம் இரண்டுதான் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள்: நிகழ்காலம், இறந்தகாலம். எதிர்காலத்துக்கென்று நம் வருவான் போலத் தனி வடிவம் இல்லாமல் வில் போன்ற துணைவினையை நாடுகிறார்கள். பள்ளியில் பன்னிரண்டாகக் கணக்கிடுவது பயிற்சிக்கு வசதி. பன்னிரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள், தவறில்லை. அந்த ஓரக் குறிப்பை மட்டும் விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: ‘லி’ என்ற வாலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

‘லி’யில் முடிந்தால் அட்வெர்ப் என்பது பாதி உண்மை. ஸ்லோலி, க்விக்லி, க்வயட்லி எல்லாம் அப்படித்தான். ஆனால் ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி, அக்லி ஆகியவை பெயரடைகள். ரிலை, அப்ளை, ரிப்ளை, சப்ளை ஆகியவை ஒலி வேறு. ஆனாலும் எழுத்தில் அதே வாலோடு முடியும் வினைகள். காலத்தை மாற்றினால் ரிலைட், அப்ளைட் என்று உருமாறித் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். மறுபுறம் சூன், ஆஃபன், வெல், ஹியர் ஆகியவை அந்த வால் இல்லாமலேயே வினையடைகள்.

ஹார்ட், ஹார்ட்லி என்ற இணை இன்னும் ஆபத்து. ‘ஹி ஒர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறான். ‘ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றால் வேலையே செய்வதில்லை என்ற அளவுக்குப் போய்விடும். மகனைப் பாராட்ட நினைத்து இரண்டாவதை எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். லேட் என்றால் தாமதமாக. லேட்லி என்றால் அண்மைக்காலமாக.

ஒரே சொல் பல வேலை செய்வதும் உண்டு. ஃபாஸ்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எ ஃபாஸ்ட் டிரெயின்’: பெயரடை. ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்’: வினையடை. ‘தே ஃபாஸ்ட் ஆன் ஃப்ரைடேஸ்’: வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருக்கிறார்கள், இங்கே அது வினை. கடைசி வாக்கியத்தைப் போன வாரத்துக்கு மாற்றினால் ஃபாஸ்டெட் என்று ஆகும். ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்பதை மாற்றினால் ‘ஹி ரேன் ஃபாஸ்ட்’. முதல் படியே மறுபடி கை கொடுக்கிறது.

ஐந்தாம் படி: தமிழின் ‘ஆக’ விரிக்கும் வலை

தமிழில் வேகமாக, அமைதியாக, சரளமாக என்று ஆக சேர்த்தால் வினையடை கிடைக்கிறது. அதனால் ஆக வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் லி போட்டுவிடத் தோன்றும். ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்பதை ‘ஷி இஸ் பியூட்டிஃபுலி’ என்று எழுதுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அது பிழை. ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’ என்பதே சரி. ‘ஷி சிங்ஸ் பியூட்டிஃபுலி’ என்றால் சரி. அங்கே பாடும் விதத்தைச் சொல்கிறோம்.

எப்படிப் பிரிப்பது? தமிழ் வாக்கியத்தில் இருக்கிறாள், இருக்கிறது என்பதைச் சார்ந்து ஆக வந்தால், அது பெரும்பாலும் ஆளையோ பொருளையோ வருணிக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரடை. ஒரு செயலைச் சார்ந்து வந்தால் வினையடை. லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் ஆகிய வினைகளுக்கும் இதே கணக்குதான். ‘தி ஜாஸ்மின் ஸ்மெல்ஸ் ஸ்வீட்’: மல்லிகை இனிமையாக மணக்கிறது. இங்கே ஸ்வீட்லி தேவையில்லை, ஏனென்றால் மணத்தின் தன்மையைச் சொல்கிறோம். வினையை எடுத்துவிட்டு இஸ் போட்டுப் பாருங்கள். பொருள் ஏறக்குறைய நின்றால் பெயரடைதான். ‘ஷி லுக்ட் ஆங்ரி’ என்றால் அவள் கோபமாகத் தெரிந்தாள். ‘ஷி லுக்ட் ஆங்ரிலி அட் தி டோர்’ என்றால் கதவைக் கோபத்தோடு பார்த்தாள். பார்ப்பது இங்கே ஒரு செயல், இஸ் பொருந்தாது.

ஆறாம் படி: அடையின் வேலையைச் செய்யும் வினைகள்

நல்ல மாணவர்களும் தடுமாறும் இடம் இது. ‘ஹி கேம் ரன்னிங்.’ ஓடி வந்தான். எப்படி வந்தான் என்று கேட்டால் ரன்னிங் என்று விடை வருகிறது. எப்படி என்ற கேள்விக்கு விடை வந்தால் வினையடை என்று படித்திருக்கிறோம். அப்படியானால் ரன்னிங் அட்வெர்பா, வெர்பா?

இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். அந்தச் சொல் என்ன? வினையிலிருந்து பிறந்த வடிவம். இங்கே அது என்ன வேலை செய்கிறது? வினையடையின் வேலை. தமிழில் இதற்கு வினையெச்சம் என்று பெயரே வைத்திருக்கிறோம். ஓடி என்பது வினை, ஆனால் முற்றவில்லை. வந்தான் என்ற இன்னொரு வினையைத் தழுவி நிற்கிறது. ‘ஷி வென்ட் டு பை மில்க்’ என்பதில் டு பை என்பதும் இப்படித்தான்: பால் வாங்கப் போனாள். வாங்க என்ற எச்சம் போனதன் காரணத்தைச் சொல்கிறது.

ரன்னிங் ஏன் இன்னும் வினைத்தன்மையோடு இருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. அது செயப்படுபொருளை ஏற்கும். ‘ஷி கேம் கேரியிங் எ பாட்.’ குடத்தைச் சுமந்து வந்தாள். க்விக்லி என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு குடத்தை வைக்க முடியாது. ஆனால் காலச் சோதனை வைத்தால் கேம் மட்டும் கம்ஸ் என்று மாறும், கேரியிங் அசையாது. நம் இலக்கணம் ஓடி என்பதை இறந்தகால வினையெச்சம் என்று வகைப்படுத்தும். ஆங்கில இங் வடிவம் தனியாகக் காலம் எதையும் காட்டாது என்ற வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். ‘ஹி இஸ் ரன்னிங்’ என்பதில் காலத்தைச் சுமப்பதும் இஸ்தான்.

கெட் அப், சிட் டவுன், டர்ன் ஆஃப் போன்றவற்றில் வரும் அப், டவுன், ஆஃப் ஆகியவற்றைப் பள்ளி இலக்கணங்கள் பெரும்பாலும் அட்வெர்ப் என்றே கொள்கின்றன. கிவ் அப் என்றால் கைவிடுதல். கிவ் என்பதன் பொருளே அங்கு இல்லை. இவற்றை வினையோடு சேர்த்துப் பொருள் கற்றுக்கொள்வதே நல்லது.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம்

‘மை கிராண்ட்மதர் யூஷுவலி வேக்ஸ் அப் எர்லி, பட் யெஸ்டர்டே ஷி ஹேட் நாட் ஸ்லெப்ட் வெல், ஸோ ஷி வாஸ் ஸ்டில் லையிங் க்வயட்லி இன் பெட் வென் தி மில்க்மேன் கேம்.’ பாட்டி வழக்கமாகச் சீக்கிரம் எழுந்துவிடுவார். நேற்று சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அதனால் பால்காரர் வந்தபோது இன்னும் அமைதியாகப் படுக்கையில் கிடந்தார்.

வினைகளுக்குக் கோடு: வேக்ஸ், ஹேட், ஸ்லெப்ட், வாஸ், லையிங், கேம். வேக்ஸ் எளிய நிகழ்காலம், ஹேட் ஸ்லெப்ட் பாஸ்ட் பெர்ஃபெக்ட், வாஸ் லையிங் பாஸ்ட் கன்டினியுவஸ், கேம் எளிய இறந்தகாலம். வினையடைகளுக்கு வட்டம்: யூஷுவலி, அப், எர்லி, யெஸ்டர்டே, நாட், வெல், ஸ்டில், க்வயட்லி. நாட் ஒரு வினைத்தொடரைப் பிளக்கிறது, ஸ்டில் இன்னொன்றைப் பிளக்கிறது. இரண்டையும் தாண்டிக் கோட்டைச் சேர்த்து இழுக்காதீர்கள்.

சரிபார்க்க, பட் என்பதற்குப் பிந்திய பகுதியை இன்று காலைக்கு மாற்றுங்கள். ஹேட் என்பது ஹேஸ் ஆகும், வாஸ் என்பது இஸ் ஆகும், கேம் என்பது கம்ஸ் ஆகும். வெல், ஸ்டில், க்வயட்லி மூன்றும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும். யெஸ்டர்டே மட்டும் வெளியேறி டுடே உள்ளே வரும்.

மிச்சம் இருப்பவை இன் பெட், அப்புறம் வென்னில் தொடங்கும் தொடர். எங்கே கிடந்தார் என்பதற்கு முதலாவது விடை சொல்கிறது, எப்போது என்பதற்கு இரண்டாவது. இரண்டும் வினையடையின் வேலையைச் செய்கின்றன, ஆனால் ஒற்றைச் சொற்கள் அல்ல. இன் பெட் ஒரு சொற்றொடர். வென் தி மில்க்மேன் கேம் என்பது தனக்கென எழுவாயும் வினைமுற்றும் கொண்ட கிளை வாக்கியம். ஒட்டுமொத்தமாக அது வினையடைபோல் வேலை செய்தாலும் அதற்குள் இருக்கும் கேம் வினைதான். அதனால் அந்தத் தொடர் முழுவதையும் ஒரு பெரிய வட்டத்துக்குள் போட்டுவிட்டு, உள்ளே கேம் கீழே தனியாக ஒரு கோடும் இழுங்கள்.